மணல் மூடிய பண்ணை

கிரீன்லாந்தின் தலைநகரான நூக்கிலிருந்து கிழக்கே வெகுதூரம் உள்ளே போனால், பெரும் பனிப்பாளத்தின் விளிம்பு வரும். 1990-ல் அந்தப் பக்கம் துருவமான் வேட்டைக்குப் போன இரண்டு இனுயிட் வேட்டைக்காரர்கள், ஆறு அரித்த மணற்கரையிலிருந்து பெரிய கட்டைகள் துருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தார்கள். வீடு கட்டத் தோதான மரம் எதுவும் அங்கே வளர்வதில்லை. யாரோ கொண்டுவந்து போட்டால்தான் உண்டு. அவர்கள் சொன்ன தகவலின் பேரில் டென்மார்க், கிரீன்லாந்து ஆய்வாளர்கள் 1991 முதல் 1996 வரை கோடைதோறும் அங்கே அகழாய்வு செய்தார்கள். வெளிப்பட்டது, ஸ்காண்டிநேவியக் குடியேறிகளான நார்ஸ் மக்கள் ஏறத்தாழ கி.பி. 1000 முதல் 1400 வரை வாழ்ந்த ஒரு பண்ணை வீடு. ‘மணலுக்கு அடியில் உள்ள பண்ணை’ என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள்.

பண்ணையார் மாளிகை என்று நினைத்துவிட வேண்டாம். புல்லை வேரோடும் மண்ணோடும் கட்டி கட்டியாக வெட்டி அடுக்கிய தடித்த சுவர்கள். அவற்றின் மேல் கிடைத்த மரத்தைக் கொண்டு போட்ட கூரை. அந்தச் சுவர் சில தலைமுறைகளில் நைந்து உட்கார்ந்துவிடும். உடனே பக்கத்திலோ, பழைய சுவரின் மேலேயோ புது அறை எழும். இப்படிக் கட்டியும் கைவிட்டும் நானூறு ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட அறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. மனிதர் படுக்கும் இடத்தையும் தொழுவத்தையும் ஒன்றையொன்று ஒட்டியே கட்டினார்கள். வெளியே பனிக்காலம் பல மாதம் நீளும் ஊரில், மாட்டின் உடல்சூடும் வீட்டுக்கு வேண்டியதாக இருந்தது.

ஓர் அறையில் தறி இருந்தது. நார்ஸ் பெண்கள் நெய்தது நின்ற தறியில். சுவரில் சாய்த்து நிறுத்திய சட்டத்திலிருந்து பாவு நூல்கள் தொங்கும். அவை தளராமலிருக்க அடியில் மாக்கல்லில் செய்த எடைகளைக் கட்டிவிடுவார்கள். சட்டத்தின் மரத்துண்டுகளும் அந்த எடைக்கற்களும் தறி நின்ற அறையிலேயே கிடைத்தன. உறைந்த மண் மரத்தையும் கம்பளித் துணியையும் மட்டுமல்லாமல் முடி, சாணம், ஆட்டுப்புழுக்கை வரை அப்படியே வைத்திருந்தது. பனியாறு கொண்டுவந்து கொட்டிய மணலும் சரளையும் வீட்டை மூட, குளிர் எல்லாவற்றையும் பூட்டிவிட்டது.

இந்த அற்பப் பொருள்கள்தாம் எனக்கு இந்த அகழாய்வின் உண்மையான செல்வமாகத் தெரிகின்றன. பொன்னையும் வாளையும் தேடுகிறவர் சாணத்தை வாரி எறிந்துவிடுவார். இங்கே அந்த மண்ணையே ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப் போனார்கள். எலும்பு எதுவும் இல்லாத வெறும் மண்ணிலிருந்தே மாடு, செம்மறி, வெள்ளாடு மூன்றின் மரபணுத் தடயங்களைப் பிரித்தெடுத்து, 2009-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பூச்சியியல் ஆய்வாளர் ஈவா பனாயோட்டகோபுலுவும் அவரது குழுவும் இந்த வட்டாரப் பண்ணைகளின் தரையில் ஈக்களின் கூடுகளைத் தேடினார்கள். குடியேறிகளோடு கப்பலில் வந்த ஒரு வகை ஈ, மனிதர் மூட்டிய அடுப்பின் சூடும் வீட்டுக் கழிவும் இருந்தால்தான் அங்கே பிழைக்கும். அடுப்பு அணைந்தால் அதுவும் போய்விடும். குளிரைத் தாங்கும் உள்ளூர் ஈக்கள் அந்த இடத்தைப் பிடிக்கும். ஆக, எந்த அறையில் வாழ்க்கை எப்போது நின்றது என்பதற்கு ஈயே சாட்சி.

நார்ஸ் மக்கள் எப்படிப் போனார்கள் என்பது பழைய கேள்வி. ஈவார் போர்டார்சன் என்ற நார்வேப் பாதிரியார் 14-ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தப் பண்ணை இருந்த மேற்குக் குடியிருப்புக்கு வந்தபோது மனிதர் ஒருவரையும் காணவில்லை என்றும், கால்நடைகள் மட்டும் காட்டுத்தனமாகத் திரிந்தன என்றும் அவர் பெயரில் வழங்கும் குறிப்பு சொல்கிறது. பழியை அது இனுயிட் மக்கள் மேல் போடுகிறது. ஆனால் மணலடிப் பண்ணையில் அதற்குப் பிறகும் சில பத்தாண்டுகள் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். தாக்குதலின் தடயம் அங்கே இல்லை. எடுத்துப் போகத் தக்கவற்றை எடுத்துக்கொண்டு, அவர்களாகவே கிளம்பியதாகத்தான் தெரிகிறது. விட்டுப்போன ஆடுகள் ஆளில்லாத அறைகளில் வந்து ஒதுங்கின. அப்படி ஒதுங்கி இறந்த வெள்ளாடு ஒன்றின் உடலும் கிடைத்தது.

அதே குடியிருப்பைச் சேர்ந்த நிபாட்சொக் பண்ணையின் கதை வேறு. 1970-களில் அங்கே தோண்டியபோது, கடைசி அடுக்கில் வேட்டை நாய்களின் எலும்புகள் கிடைத்தன. அவற்றில் கத்தி வெட்டு இருந்தது. கன்றுகளின் குளம்புகளும் கிடந்தன. வேட்டை நாயையும் கன்றையும் ஒருவர் அடித்துத் தின்கிறார் என்றால், அவரிடம் அடுத்த ஆண்டு என்று ஒன்று மிச்சமில்லை. ஒரே வட்டாரத்துப் பண்ணைகள். ஒருவர் மூட்டை கட்டிக்கொண்டு போனார், இன்னொருவர் பட்டினியோடு கடைசிவரை இருந்தார். நார்ஸ் கிரீன்லாந்து அழிந்ததற்கு ஒற்றைக் காரணம் சொல்லும் புத்தகங்களை நான் நம்பாததற்கு இந்த இரண்டு வீடுகளே போதும்.

காரணங்கள் பல சேர்ந்தன. 13-ஆம் நூற்றாண்டிலிருந்து குளிர் கூடியது. மாட்டுக்கு வேண்டிய உலர்ந்த புல் குறைந்தது. ஐரோப்பியச் சந்தையில் அவர்கள் விற்ற வால்ரஸ் தந்தத்துக்குப் பழைய மதிப்பு போனது. அதற்காக அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. தொல்லியலாளர் யெட்டே ஆர்னெபோர்க்கின் குழுவினர் நார்ஸ் மக்களின் எலும்புகளைச் சோதித்தபோது, தொடக்கத்தில் உணவில் 20 சதவீத அளவே இருந்த கடல் உணவு, கடைசிக் காலத்தில் 80 சதவீதம் வரை ஏறியிருந்தது தெரிந்தது. மாட்டுக்காரர்கள் சீல் வேட்டைக்காரர்களாகவே மாறியிருந்தார்கள். மாறத் தெரியாமல் மடிந்த முட்டாள்கள் என்று அவர்களைச் சொல்வது அநியாயம்.

அந்தப் பண்ணை இப்போது இல்லை. காட்டிக்கொடுத்த ஆறே அகழாய்வுக் காலம் முழுக்கக் கரையை அரித்துக்கொண்டிருந்தது. பிறகு மிச்சத்தையும் அடித்துப் போய்விட்டது. எடுத்தவை மட்டும் ஆய்வாளர் கையில் தங்கின.

மற்றப் பண்ணைகள் அழிய ஆறு வர வேண்டியதில்லை. உறைந்த மண் உருகினாலே போதும். ஆய்வாளர் யோர்கன் ஹொலெசன் தலைமையில் நூக் வட்டாரத்தில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வின்படி, தொல்லியல் இடங்களில் புதைந்துள்ள கரிமப்பொருளில் 30 முதல் 70 சதவீதம் அடுத்த 80 ஆண்டுகளில் மட்கிப்போகலாம். முதலில் போவது தோல், முடி, துணி, ஈயின் கூடு. கல் மட்டும் கிடக்கும். கடலோரத்தைவிட வெப்பமும் வறட்சியும் மிகுந்த உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளே அதிக ஆபத்தில் இருக்கின்றன என்றும் அந்த ஆய்வு சொல்கிறது. நார்ஸ் மக்கள் தங்கள் பண்ணைகளை அமைத்தது, புல் நன்றாக வளரும் என்று தேடிப்போன அதே பள்ளத்தாக்குகளில்தான்.