சனிக்கிழமைக் காலையில் இறங்கிப் போகும் பற்றரி



லொறி இல்லாத சிறு வியாபாரிக்கு மோட்டார் சைக்கிள்தான் லொறி. கடை கடையாகச் சரக்குப் போடுவதும் அதில்தான், நிலுவை அறவிடுவதும் அதில்தான். காலையில் அது ஸ்டார்ட் ஆகாவிட்டால் அரை நாள் வியாபாரம் போய்விடும். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய சைக்கிள்களையே திருத்தித் திருத்தி ஓடப் பழகிவிட்டோம். 2025 இல் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டாலும், புதியது வாங்கும் வசதி எல்லோருக்கும் வந்துவிடவில்லை. ஆகவே, அடிக்கடி இறங்கும் பற்றரியைப் பற்றி இந்த வாரம் எழுதுகிறேன். இதில் ஒரு மின்சாரக் கணக்கும் இருக்கிறது, நான் ஒரு பையனுக்குச் செய்த அநியாயமும் இருக்கிறது.

எங்கள் கடைச் சைக்கிள் 2023 இல் தொல்லை கொடுக்கத் தொடங்கியது. நிந்தவூரிலிருந்து ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை வழியாக அக்கரைப்பற்று வரை எங்கள் பையன் பிஸ்கட், சவர்க்காரம் போட்டு வருவான். வெள்ளிக்கிழமை கடை பூட்டு. சனிக்கிழமை காலையில் வந்து சுவிட்சை அமத்தினால் "டிக், டிக்" என்ற சத்தம் மட்டுமே வரும். இந்தச் சைக்கிளின் பற்றவைப்பு பற்றரியிலிருந்து மின்சாரம் எடுப்பது. பற்றரி அடியோடு இறங்கினால் கிக் அடித்தாலும் எடுக்காது.

முதலாவது பற்றரியை மாற்றினோம். இரண்டரை மாதம் நன்றாக ஓடியது. பிறகு அதே சனிக்கிழமை, அதே சத்தம்.

இரண்டாவது பற்றரிக்கு 8,500 ரூபா கொடுத்தபோது எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "வியாழன் ராவு சுவிட்சை ஓனில் விட்டுட்டுப் போறாய் போல" என்று பையனைப் பலர் முன்னிலையில் ஏசினேன். "இல்ல முதலாளி, திறப்ப உங்கட கையிலதானே தாறன்" என்றான். பேச்சுக்குப் பேச்சு பேசுகிறான் என்று இன்னும் கோபம் வந்தது. பற்றரிக் காசில் பாதியை அவனுடைய சம்பளத்தில் இரண்டு தவணையாகக் கழித்தேன். அவன் அதன்பின் ஒன்றும் பேசவில்லை. முன்பெல்லாம் மாலையில் வந்து எந்தக் கடையில் எந்தச் சரக்கு ஓடுகிறது என்று கதை சொல்வான். அதுவும் நின்றுபோனது.

அந்த இரண்டாவது பற்றரியும் மூன்றாம் மாதம் இறங்கியது. அதன் பிறகுதான் ஒரு வயரிங் பாஸிடம் போனேன். வயதான மனிதர். பற்றரியைத் தொடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார்.

"வியாழன் ராவு திறப்பு எங்க இருக்கும்?"

"என்ட மேசை லாச்சிக்குள்ள."

"திறப்பில்லாம சுவிட்ச் எப்படி ஓன்ல இருக்கும், முதலாளி?"

பையன் சொன்னதும் அதுவேதான். அவன் சொன்னபோது என் காதில் ஏறவில்லை.

அளந்து பார்க்கும் மூன்று காரியங்கள்

பாஸ் ஒரு சாதாரண மல்டிமீற்றரை எடுத்தார். பற்றரி இறங்குவதற்கு மூன்றே வழிதான் என்றார். பற்றரி மின்சாரத்தைப் பிடித்து வைக்காமல் இருக்கலாம். ஓடும்போது சார்ஜ் ஏறாமல் இருக்கலாம். நிற்கும்போது எங்கேயோ ஒழுகலாம். மூன்றையும் வரிசையாக அளக்க வேண்டும்.

முதலாவது, பற்றரி. முழுதாகச் சார்ஜ் செய்து ஓர் இரவு சும்மா வைத்து அளக்க வேண்டும். 12 வோல்ட் பற்றரிக்குள் ஆறு அறைகள். நல்ல நிலையில் 12.6 முதல் 12.8 வோல்ட் வரை காட்டும். 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12 க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. ஸ்டார்ட்டரை அமத்தும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பற்றரி பலவீனம் என்று சந்தேகிக்கலாம். எங்களுடையது 12.5 காட்டியது. தேய்ந்திருந்தாலும் சாகவில்லை.

இரண்டாவது, சார்ஜ். என்ஜினை ஓடவிட்டு, அக்சிலேட்டரை நடுத்தரமாகப் பிடித்து, பற்றரி முனைகளில் அளக்க வேண்டும். 13.5 முதல் 14.5 வரை இருந்தால் சரி. 13 ஐயே தொடாவிட்டால் கொயில், ரெகுலேட்டர், வயர் மூட்டுகளைப் பார்க்க வேண்டும். 15 ஐத் தாண்டினால் அதுவும் ஆபத்து. பற்றரித் தண்ணீர் கொதித்து வற்றிவிடும். எங்களுடையது 14.1. சரியாக இருந்தது.

மூன்றாவது, ஒழுக்கு. சுவிட்சை ஓஃப் செய்து திறப்பைக் கழற்றிய பின், பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் மைனஸ் முனைக்கும் இடையில் மீற்றரை வைக்க வேண்டும். மீற்றரின் சிவப்பு வயரை 10 அம்பியர் துவாரத்தில் போட்டே தொடங்க வேண்டும். அந்த நேரத்தில் சுவிட்சைப் போடவோ ஸ்டார்ட்டரை அமத்தவோ கூடாது. வேலை முடிந்ததும் சிவப்பு வயரை மறக்காமல் வோல்ட் துவாரத்துக்கு மாற்ற வேண்டும். மறந்துவிட்டு பற்றரி முனைகளில் வைத்தால் நேரடி ஷோர்ட்.

மணிக்கூடு, அலாரம் எதுவும் இல்லாத சிறிய சைக்கிளில் அந்த அளவு கிட்டத்தட்டப் பூச்சியமாக இருக்க வேண்டும். எங்கள் சைக்கிளில் 52 மில்லி அம்பியர். பாஸ் பியூஸைக் கழற்றினார். குறையவில்லை. அப்படியானால் பியூஸுக்கு முன்னாலேயே யாரோ தொடுத்திருக்கிறார்கள். சீற்றுக்கு அடியில் கையை விட்டு ஒரு சிறிய கறுப்புப் பெட்டியை இழுத்தார். அதைக் கழற்றியதும் மீற்றர் பூச்சியத்துக்கு வந்தது.

அந்தப் பெட்டி நான் பூட்டியது. பையன் எங்கே போகிறான், எங்கே நிற்கிறான் என்று கையடக்கத் தொலைபேசியில் பார்ப்பதற்காக அவனுக்குத் தெரியாமல் பூட்டிய ஜீ.பீ.எஸ். கருவி. அது இரவும் பகலும் விழித்திருந்து பற்றரியைக் குடித்திருக்கிறது.

வெள்ளிக்கிழமைக் கணக்கு

கணக்கைப் பாருங்கள். வியாழன் இரவு 9 மணியிலிருந்து சனி காலை 7 மணி வரை 34 மணித்தியாலம். 52 மில்லி அம்பியர் வீதம் ஏறத்தாழ 1.8 அம்பியர் மணி போய்விடும். எங்கள் பற்றரியின் மொத்தக் கொள்ளளவே 5 அம்பியர் மணிதான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நஷ்டம்.

புதிய பற்றரி இதைச் சில வாரம் தாங்கிக்கொள்ளும். ஆனால், கடைக்குக் கடை நிறுத்தி ஸ்டார்ட் செய்யும் ஓட்டத்தில் இழந்தது முழுதாக ஏறுவதில்லை. பாதி வெறுமையாகவே கிடக்கும் பற்றரியின் ஈயத் தகடுகளில் சல்பேற்று படிந்து இறுகிவிடும். கொள்ளளவு வாரத்துக்கு வாரம் குறையும். ஒரு நாள் சனிக்கிழமை கைவிடும். புதிய பற்றரி போட்டதும் இரண்டு மூன்று மாதம் சரியாக ஓடியதால், பிழை பற்றரியில்தான் என்று நானும் நம்பிவிட்டேன்.

நீண்ட நாள் நிறுத்தி வைத்தாலும் இதே கதிதான். 2022 எரிபொருள் நெருக்கடியில் கியூஆர் முறைப்படி மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் என்றிருந்த காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஓடாமல் நிற்கும் சைக்கிளுக்கு மைனஸ் வயரைக் கழற்றி வைப்பதும், மாதம் ஒரு தடவை வெளியே சார்ஜ் செய்வதும் நல்லது. கடற்காற்று வீசும் நமது ஊர்களில் முனைகளில் பூக்கும் வெள்ளைத் தூளைச் சுத்தம் செய்து கிறீஸ் பூசுங்கள். தண்ணீர் ஊற்றும் வகைப் பற்றரியானால் வடித்த நீர் மட்டும் ஊற்றுங்கள், கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். மேலதிக ஹோர்ன், லைற் பூட்டுவதானால் சுவிட்சுக்குப் பின்னால், பியூஸோடு பூட்டச் சொல்லுங்கள். திருட்டுக்குப் பயந்து ட்ராக்கர் போடுவதானால், வண்டி நிற்கும்போது அது எத்தனை மில்லி அம்பியர் எடுக்கும் என்று கேட்டு, அளந்து பார்த்து வாங்குங்கள்.

கூலியாளின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. நானோ கொடுத்த கூலியிலிருந்து கழித்தேன், அதுவும் என் பிழைக்காக. அன்று அஸர் தொழுதுவிட்டு வந்து, எந்த ஆட்கள் முன்னிலையில் ஏசினேனோ அவர்கள் முன்னிலையிலேயே 4,250 ரூபாவையும் பையனிடம் கொடுத்து, கருவியைப் பற்றியும் சொன்னேன். காசை எண்ணாமல் சட்டைப் பைக்குள் வைத்தான். "திறப்பத் தாங்க முதலாளி, பாலமுனைக்கு இன்னும் போகல்ல" என்றான். அவ்வளவுதான்.

மாலைக் கதைகள் திரும்பி வர இன்னும் சில மாதம் எடுத்தது. பற்றரியைப் போல அதுவும் ஒரே நாளில் சார்ஜ் ஏறும் சாமான் அல்ல.

கல்லாவில் காசு குறைந்தாலும், ஸ்டோரில் சரக்குக் குறைந்தாலும் நமது கண் முதலில் போவது வேலையாளின் மீதுதான். ஒரு மல்டிமீற்றர் பெரிய விலையில்லை. ஒன்று வாங்கிக் கடையில் வையுங்கள். வாயைத் திறக்கும் முன் அளந்து பாருங்கள்.