இடிக்கிற வீட்டில் கிடைக்கும் கருவிப் பெட்டி!

மண்வெட்டி மாட்டுக்கொட்டகையில், ஸ்பேனர் மோட்டார் ரூமில், விதைப் பொட்டலம் பரணில், பூச்சிமருந்து பாட்டில் ஜன்னல் திட்டில்... பல சிறு விவசாயிகள் வீட்டு நிலவரம் இதுதான். அவசரத்துக்குக் கருவி கிடைக்காது. விதையை எலி தின்றுவிடும். மருந்து பாட்டில் குழந்தை கைக்கு எட்டும். இதற்காகப் புது பீரோ வாங்கத் தேவையில்லை. பழைய வீடுகளிலிருந்து கழித்துக்கட்டும் மரப்பெட்டி, டிரங்குப் பெட்டி, இழுப்பறை மேசையே போதும்.

எங்கே, எப்போது?

பெரிய காஞ்சிபுரத்து நெசவாளர் தெருக்களில் ஓட்டு வீடுகள் மாடி வீடுகளாக மாறி வருகின்றன. தறியை நிறுத்திய வீடுகளில் நூல் வைத்த பெட்டி, சீராக வந்த டிரங்கு எல்லாம் இடத்தை அடைத்துக் கிடக்கும். ஆடியில் பெரும்பாலும் புது வேலை தொடங்க மாட்டார்கள். அதனால் ஆவணியிலும் தையிலும் இடிக்கும் வேலை அதிகம். போகிக்கு முந்தைய வாரமும் நல்ல சமயம். தீயில் போக இருக்கும் பலகை உங்களுக்கு ரேக் ஆகும். இடிப்பு கான்டிராக்டர், மரவாடி, காயலான் கடை மூன்றிடத்திலும் சொல்லிவையுங்கள்.

வாங்கும் முன்...

* மரத்தைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே கரையான் தின்றிருக்கலாம். அடிப்பலகையையும் கால்களையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். துளைகளுக்குக் கீழே புதிதாக மாவு உதிர்ந்திருந்தால் உளு உயிரோடு இருக்கிறது, வேண்டாம்.
* டிரங்குப் பெட்டியை வெயிலில் தூக்கிப் பிடித்து உள்ளே பாருங்கள். ஓட்டை இருந்தால் வெளிச்சம் காட்டிக்கொடுக்கும்.
* இரும்புக்கு அன்றைய காயலான் விலையைக் கேட்டு, எடை போட்டுப் பேசுங்கள். குட்டி யானை வாடகையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.
* பாகப்பிரிவினை வீடு என்றால் பங்காளிகள் எல்லோரும் சம்மதித்தார்களா என்று கேளுங்கள். பெட்டியை உரியவர்கள் எதிரிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். பத்திரம், நகை இருந்தால் அங்கேயே அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். ஓலைச்சுவடி இருந்தால், சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்குத் தகவல் தரச் சொல்லுங்கள்.

பெயின்ட் விஷயத்தில் கவனம்

வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய பெயின்ட்டில் ஈயம் அதிகமாக இருக்கலாம். அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உலர்வாக உப்புத்தாள் போடாதீர்கள். முகக்கவசம் அணிந்து, நனைத்துத் தேய்த்து, வழித்ததை மூட்டை கட்டிவிடுங்கள். பெயின்ட் உரியும் பெட்டியில் விதையோ தானியமோ வைக்க வேண்டாம்.

உளுவைக் கொல்ல நெல் மூட்டைக்குப் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள் வைப்பது உயிருக்கே ஆபத்து.

எதை எதில் வைப்பது?

துருவை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்தால் டிரங்கு நெடுநாள் உழைக்கும். எலி நுழையாத அதில் விதை வைக்கலாம். சிறு இழுப்பறைகளில் போல்ட், நட்டு, ஃப்யூஸ், சொட்டுநீர் இணைப்புகள் என்று தனித்தனியாகப் போட்டு, வெளியே பெயர் எழுதி ஒட்டுங்கள். மரப்பெட்டியைச் செங்கல் மேல், சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி வையுங்கள். கரையான் ஏறினால் உடனே கண்ணில் படும்.

பூச்சிமருந்துக்குத் தனிப்பெட்டி, தனிப்பூட்டு. அது விதைக்கும் சமையலறைக்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது. மருந்து அதன் சொந்த பாட்டிலிலேயே இருக்கட்டும். பூட்டுள்ள பெட்டி ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது என்றால், அதை மருந்துக்கே ஒதுக்குங்கள்.