கப்பலேறி வந்த கோதுமை

ஒரு நாடு மற்றொரு நாட்டிற்கு உதவி அளித்தது என்று பத்திரிகையிற் படிக்கிறோம். அவ்வுதவி எவ்வழியாற் சென்றது, யார் யார் கைபட்டுச் சென்றது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. அமெரிக்கக் கோதுமை இந்தியாவுக்கு வந்த கதையைக் கேளுங்கள்.

1954ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஜனாதிபதி ஐசனோவர் ஒரு சட்டத்திற் கையொப்பமிட்டார். அதன் இலக்கம் 480. பின்னாளில் இந்தியப் பத்திரிகைகளில் அடிக்கடி அடிபட்ட 'பி. எல். 480' அதுவே. தன் உழவர்க்கு விலை வீழாதிருக்கும்பொருட்டு அமெரிக்க அரசு தானே தானியத்தை வாங்கிக் குவித்திருந்த காலம் அது. களஞ்சியங்கள் நிரம்பி வழிந்தன. பசித்தவனுக்கு உணவும் உழவனுக்குச் சந்தையும் ஒரே சட்டத்தினாற் கிடைத்தன. சரக்கிற் பாதியேனும் அமெரிக்கக் கொடி தாங்கிய கப்பல்களிலேயே செல்லவேண்டும் என மற்றொரு சட்டம் விதித்தமையால், கப்பற் சொந்தக்காரரும் பங்கு பெற்றனர்.

இந்தியா டொலர் கொடுக்கவேண்டியதில்லை, ரூபாவே போதும். அந்த ரூபாவும் இந்தியாவிலேயே அமெரிக்காவின் கணக்கிற் கிடந்தது. அதிற் பெரும்பகுதி அபிவிருத்திக் கடனாக இந்திய அரசுக்கே மீண்டது; ஒரு பகுதி தூதரகச் செலவுக்குப் போயிற்று. 1962 முதல் அதே பணத்தில் இந்திய நூல்கள் வாங்கப்பட்டு அமெரிக்க நூல்நிலையங்களுக்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் தமிழ் நூல்களும் உண்டு! கோதுமை வந்த வழியே நம் இலக்கியம் போய்ச் சேர்ந்தது.

ஆனால் கயிற்றின் முனை கொடுப்பவர் கையிலேயே இருந்தது. 1965இலும் 1966இலும் மழை பொய்த்தது, பீகார் வாடியது. அவ்வேளையிலேதான் ஜனாதிபதி ஜோன்சன், நீண்டகால ஒப்பந்தங்களை விடுத்து, சிறுசிறு தவணையாகக் கோதுமையை அனுப்பலானார். வேளாண்மையைத் திருத்துமாறு இந்தியாவை நெருக்குவது ஒரு நோக்கம். வியட்நாம் போரைப் புதுடில்லி கண்டித்தது அவருக்குச் சினமூட்டியது என்பதும் மறைவான செய்தியன்று. அடுத்த கப்பல் புறப்படுமா என்று ஓர் அரசு வாஷிங்டனை நோக்கிக் காத்திருந்தது. கோடிக்கணக்கான அடுப்புகள் அந்தக் கப்பலை நம்பியிருந்தன. அவ்வாண்டில் மட்டும் இறக்குமதியான தானியம் ஏறக்குறைய 1 கோடி தொன். உணவமைச்சர் சி. சுப்பிரமணியம் மெக்சிகோவிலிருந்து 18,000 தொன் புதுவிதைக் கோதுமையை வருவித்ததும் அதே 1966இலேதான்.

தேங்கிய ரூபா என்னவாயிற்று? 1974 பெப்ரவரியில் அதிற் பெரும்பகுதியை அமெரிக்கா விட்டுக்கொடுத்தது. தூதர் மொய்னிஹன் புதுடில்லியிற் கையளித்த காசோலையின் தொகை 1,664 கோடி ரூபா. அதுவரை உலகில் எழுதப்பட்ட காசோலைகளுள் அதுவே மிகப் பெரியது என்பர்.