வாள் ஏந்திய கைகள்... இன்று தொட்டில் ஆட்டுகின்றன!

கிறிஸ்துமஸ் வந்தால் உலகமே பெத்லகேமைத் திரும்பிப் பார்க்கும். இயேசு பிறந்த இடம் என்று நம்பப்படும் ஆலயத்தின் முன் கூட்டம் கூடும். அந்த ஆலயத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இன்னொரு கட்டடம் இருக்கிறது. அங்கே வருடம் முழுக்கக் குழந்தைகள் பிறந்துகொண்டே இருக்கின்றன. அதுதான் திருக்குடும்ப மருத்துவமனை.

பிரசவத்துக்கு அங்கே வரும் பெண்களில் பெரும்பாலானவர்கள் முஸ்லிம்கள். மருத்துவமனையை நடத்துவதோ கத்தோலிக்க வீரர்களின் அமைப்பு ஒன்று. அதுவும், ஒரு காலத்தில் முஸ்லிம் நாடுகளோடு கடலில் போர் புரிந்தே பெயர் வாங்கிய அமைப்பு!

அதன் பெயர் மால்டா ஆர்டர். சொந்தமாக ஒரு நாடு கிடையாது. ஆனால், பாஸ்போர்ட் உண்டு, தபால்தலை உண்டு, 110-க்கும் மேற்பட்ட நாடுகளோடு தூதரக உறவு உண்டு. 1994 முதல் ஐக்கிய நாடுகள் சபையில் பார்வையாளர் அந்தஸ்தும் உண்டு. தலைமையகம் ரோம் நகரின் கடைவீதியான வியா கொண்டோட்டியில் இருக்கிறது.

மருத்துவமனையில் தொடங்கிய கதை

இந்தக் கதை போர்க்களத்தில் தொடங்கவில்லை. 11-ம் நூற்றாண்டில், இத்தாலியின் அமால்ஃபி நகர வணிகர்கள் ஜெருசலேமில் ஒரு விடுதி அமைத்தார்கள். புனிதப் பயணம் வந்து நோயில் விழுந்தவர்களுக்கு அங்கே சிகிச்சை தரப்பட்டது. அதைக் கவனித்துக்கொண்டவர் ஜெரார்டு என்ற துறவி. 1113-ம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் பாஸ்கல் இந்த அமைப்பை முறைப்படி அங்கீகரித்தார்.

அவர்களுடைய அடிப்படை விதி எளிமையானது. நோயாளிதான் எஜமானர், சேவை செய்பவர் அவருடைய வேலைக்காரர்.

சிலுவைப் போர்க் காலத்தில் இந்தத் துறவிகள் வாளையும் எடுத்தார்கள். 'நைட்' எனப்படும் குதிரைவீரப் பிரபுக்கள் வந்து சேர்ந்தார்கள். புனித பூமி கைவிட்டுப் போனதும் ரோட்ஸ் தீவுக்குப் போனார்கள். 1522-ல் ஒட்டோமான் சுல்தான் சுலைமானிடம் அதையும் இழந்தார்கள். 1530-ல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் அவர்களுக்கு மால்டா தீவைக் கொடுத்தார். வருட வாடகை, ஒரே ஒரு வல்லூறுப் பறவை!

வெள்ளித் தட்டில் சாப்பாடு

மால்டாவின் வலெட்டா நகரில் அவர்கள் கட்டிய மருத்துவமனை ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்டது. அதன் பெரிய வார்டின் நீளம் மட்டும் சுமார் 155 மீட்டர். அங்கே நோயாளிகளுக்கு வெள்ளித் தட்டுகளில் சாப்பாடு பரிமாறினார்கள். பெரிய குடும்பத்துப் பிள்ளைகளான வீரர்களே முறைவைத்து வார்டுக்கு வந்து நோயாளிகளுக்கு ஊட்டிவிட்டார்கள்.

இதே வீரர்களின் கப்பல்கள்தான் மத்தியதரைக் கடலில் முஸ்லிம் கப்பல்களைப் பிடித்தன. பிடிபட்டவர்கள் அடிமைகளாகத் துடுப்பு வலித்தார்கள். ஒரு கையில் மருந்து, மறுகையில் விலங்கு. மால்டா ஆர்டரின் வரலாற்றில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

1798-ல் நெப்போலியன் வந்தார். சில நாள்களிலேயே தீவு அவர் கைக்குப் போனது. அடிமைகள் விடுவிக்கப்பட்டார்கள். மருத்துவமனையின் வெள்ளித் தட்டுகள் பறிபோயின. வீரர்கள் அகதிகளைப் போல அலைந்து, 1834-ல் ரோமில் வந்து நின்றார்கள். மண் போனது, கடற்படை போனது, கருவூலம் போனது. மிஞ்சியது ஆரம்பத்தில் செய்த ஒரே வேலை... நோயாளியைக் கவனிப்பது!

பெத்லகேமின் பிரசவ வார்டு

பெத்லகேம் மருத்துவமனை 19-ம் நூற்றாண்டில் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் தொடங்கியது. நாட்டின் கொந்தளிப்பான சூழலில் 1985-ல் மூடப்பட்டது. அதன் ஒரு பகுதியை மால்டா ஆர்டர் ஏற்று, 1990-ல் பிரசவ மருத்துவமனையாகத் திறந்தது. இதுவரை 1,00,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கே பிறந்திருக்கிறார்கள்.

ஜெருசலேம் அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டர்தான். ஆனால், பாலஸ்தீனப் பெண் ஒருவர் அங்கே போக அனுமதிச் சீட்டு வேண்டும், சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டும். பிரசவ வலி அதற்கெல்லாம் காத்திருக்குமா? குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். அதனால்தான் இந்த மருத்துவமனையின் பச்சிளம் சிசுக்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு அந்த வட்டாரத்துக்கே உயிர்நாடியாக இருக்கிறது. மருத்துவமனைக்கு வர முடியாத கிராமத்துப் பெண்களைத் தேடி நடமாடும் கிளினிக்கும் போகிறது.

பணம் இல்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. செலவில் பெரும்பங்கு நன்கொடையில் ஓடுகிறது. 2023 அக்டோபரில் போர் தொடங்கிய பிறகு பெத்லகேமுக்குப் பயணிகள் வருவது நின்றுபோனது. ஹோட்டலையும் நினைவுப்பொருள் கடையையும் நம்பியிருந்த குடும்பங்கள் வருமானத்தை இழந்தன. கட்டணம் கட்ட முடியாதவர்கள் கூடினால் நன்கொடையின் தேவையும் கூடத்தானே செய்யும்!

சுவர் இடிவதற்கு முன்...

பெத்லகேம் மட்டுமல்ல, சுமார் 120 நாடுகளில் மால்டா ஆர்டரின் பணி நடக்கிறது. உறுப்பினர்கள் சுமார் 13,500 பேர். துறவற வாக்கு எடுத்தவர்கள் மிகச் சிலரே. மற்றவர்கள் வேலை, வீடு, பிள்ளைகள் என்று வாழும் சாதாரணக் குடும்பத்தினர். அவர்களோடு பல்லாயிரம் தன்னார்வலர்களும் மருத்துவர்களும் நர்ஸ்களும் இருக்கிறார்கள்.

1989 கோடையில், கிழக்கு ஜெர்மனி மக்கள் மேற்கே தப்பிப் போகும் ஆசையோடு ஹங்கேரியில் குவிந்தார்கள். புடாபெஸ்ட்டில் ஒரு பங்குக் கோயிலின் வளாகத்தில் கூடாரம் போட்டுச் சோறும் படுக்கையும் கொடுத்தவர்கள் மால்டா ஆர்டரின் தன்னார்வலர்கள். அந்தச் சில மாதங்களில் அவர்களுடைய முகாம்களில் தங்கிப்போனவர்கள் 48,000 பேருக்கு மேல். நவம்பரில் பெர்லின் சுவர் விழுந்தது.

2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையிலும் இந்தியாவிலும் இவர்களுடைய நிவாரணக் குழுக்கள் வேலை செய்தன. 2022 முதல் உக்ரைன் போரில் வீடிழந்தவர்களுக்கு உதவுகிறார்கள். ஒவ்வொரு வருடமும் மே மாதத் தொடக்கத்தில் பிரான்ஸின் லூர்து நகருக்கு நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். நம் வேளாங்கண்ணியைப் போல அவர்களுக்கு லூர்து!

நம் ஊரில் முதலுதவிப் பயிற்சி தரும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பின் சின்னத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த எட்டு முனைச் சிலுவையும் இதே பழைய மரபிலிருந்து வந்ததுதான். அது பிரிட்டனில் தனியாக வளர்ந்த கிளை.

பிரபுவா... சேவகனா?

சேவை செய்யும் வீட்டிலும் சண்டை வரத்தான் செய்தது. மியான்மரில் நடந்த ஓர் உதவித் திட்டத்தில் ஆணுறை விநியோகிக்கப்பட்டது பற்றிய சர்ச்சையில், 2016 டிசம்பரில் முக்கிய நிர்வாகி ஒருவர் நீக்கப்பட்டார். விவகாரம் வாடிகன் வரை போனது. அடுத்த மாதமே கிராண்ட் மாஸ்டர் மேத்யூ ஃபெஸ்டிங், திருத்தந்தை பிரான்சிஸ் கேட்டுக்கொண்டதால் பதவி விலகினார். நீக்கப்பட்டவர் மீண்டும் பொறுப்புக்கு வந்தார்.

2022-ல் புதிய அமைப்புச் சட்டம் வந்தது. தலைவராக வர பிரபு வம்சத்தில் பிறந்திருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனை நீங்கியது. 2023-ல் கனடாவைச் சேர்ந்த வழக்கறிஞர் ஜான் டன்லப் கிராண்ட் மாஸ்டராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பல ஆண்டுகளுக்கு முன், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் எய்ட்ஸ் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தவர் அவர். வம்சத்தைவிட வார்டில் செய்த வேலைக்கு மதிப்பு வருகிறது என்றே சொல்லலாம்.

வலெட்டாவின் அந்த நீண்ட வார்டு இன்று மாநாட்டுக் கூடமாகிவிட்டது. வெள்ளித் தட்டுகள் போய் 200 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டன. ஆனால், பெத்லகேமில் இன்றிரவும் ஒரு தாய் வலியோடு வந்து கதவைத் தட்டுவாள். அவள் எந்த மதம் என்று யாரும் கேட்கப்போவதில்லை. எத்தனையாவது மாதம் என்றுதான் கேட்பார்கள்!