நானோ மருந்து: குறி வைத்த அம்பா?

ஒன்பதாம் வகுப்பில் நானோ வேதியியல் நடத்தும்போது, "நானோ மருந்து புற்றுநோய்ச் செல்லை மட்டும் தேடிப் போய் அழிக்குமாமே, டீச்சர்?" என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. தாய்க்கோ அத்தைக்கோ மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கும் பிள்ளைகளும் நம் வகுப்பில் இருக்கலாம். ஆகவே விடை சரியாக இருக்க வேண்டும்.

புற்றுநோய் மருந்துகளில் பல, வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்குபவை. முடியின் வேர், குடலின் உட்சுவர், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றின் செல்களும் வேகமாகப் பிரிபவையே. முடி கொட்டுவதற்கும் இரத்த வெள்ளை அணுக்கள் குறைவதற்கும் இதுவே காரணம்.

பாக்லிடாக்சலை எடுத்துக்கொள்வோம். யூ மரப்பட்டையிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்ட மருந்து இது, நீரில் கரையாது. ஆமணக்கு எண்ணெயிலிருந்து தயாரித்த கரைப்பானும் ஆல்கஹாலும் சேர்த்தே இதைச் செலுத்தினார்கள். அந்தக் கரைப்பானே ஒவ்வாமையை உண்டாக்கியது. அதனால் முன்கூட்டியே ஸ்டீராய்டு கொடுத்து, சுமார் 3 மணி நேரம் மெதுவாக ஏற்ற வேண்டியிருந்தது.

பிறகு இம்மருந்தை, இரத்தத்தில் இயல்பாகவே உள்ள அல்புமின் புரதத்துடன் பிணைத்து, சுமார் 130 நானோமீட்டர் அளவுள்ள துகள்களாக்கினார்கள். ஓர் இரத்தச் சிவப்பணுவின் விட்டத்தில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு! கரைப்பான் தேவையில்லை, 30 நிமிடத்தில் ஏற்றிவிடலாம். பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு இம்மருந்தை அமெரிக்கா 2005இல் அனுமதித்தது.

துகள் கட்டிக்குள் எப்படிச் சேர்கிறது? அவசரமாக வளரும் கட்டியின் இரத்தக் குழாய்ச் சுவர்களில் இடைவெளிகள் உண்டு. அவற்றின் வழியே துகள்கள் கசிகின்றன. நிணநீர் வடிகாலும் அங்கே சரியாக இல்லாததால் தேங்குகின்றன. ஜப்பானின் மட்சுமுரா, மேடா இருவரும் 1986இல் இதை விளக்கினர். துகளுக்குப் புற்றுநோயை அடையாளம் காணத் தெரியாது. கசிவுள்ள இடத்தில் தங்குகிறது, அவ்வளவே. நோய்ச் செல்லின் ஹெர்-2 போன்ற புரதத்தை அறியும் எதிர்ப்பொருளைத் துகளின் மேல் ஒட்டும் ஆய்வுகளும் நடக்கின்றன.

கனடாவின் டொரொண்டோ பல்கலைக்கழகத்தில் வாரன் சான் குழுவினர், முந்தைய பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் ஒரு கணக்கு வெளியிட்டனர். செலுத்திய துகள்களில் கட்டியைச் சென்றடைந்தவற்றின் இடைநிலை அளவு வெறும் 0.7 சதவீதம்! கல்லீரலும் மண்ணீரலும் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கின்றன.

அப்படியானால் பயன் இல்லையா? உண்டு. கரைப்பானால் வரும் ஒவ்வாமை தவிர்க்கப்படுகிறது. டாக்ஸோரூபிசின் என்ற மருந்தை லிப்போசோம் எனும் கொழுப்பு உறைக்குள் வைத்துக் கொடுத்தால் இதயப் பாதிப்பு குறைகிறது. ஆனால் அல்புமின் பாக்லிடாக்சலிலும் முடி கொட்டும், விரல்கள் மரத்துப்போகும்.

'குறி தவறாத அம்பு' என்று நாம் சொல்லிவிட்டால், தாயின் முடி கொட்டுவதைப் பார்க்கும் பிள்ளை, மருந்து வேலை செய்யவில்லை என்று அஞ்சும். "மருந்தைச் சுமக்கும் வண்டியை மாற்றியிருக்கிறார்கள், சில தொல்லைகள் குறைந்துள்ளன, சில இன்னும் உள்ளன" என்று சொல்வோம். அறிவியலும் அதுதான், ஆறுதலும் அதுதான்.