இரண்டு வண்டித் தூரம்

புகைவண்டி நிலையத்தின் விசாரணை ஜன்னலில் அமர்ந்திருக்கும் நம்மிடம் நம்மவர் ஓயாது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஊருக்குப் போக எத்தனை வண்டி மாற வேண்டும், ஐயா?" கரக்பூரிலிருந்து தென்காசி செல்லும் அன்பருக்கு, "சென்னைக்கு ஒரு வண்டி, எழும்பூரில் மற்றொரு வண்டி" என்போம். 2,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம் இரண்டே வண்டிகளில் அடங்கிவிடுகிறது.

இவ்விடையில் ஒரு சாஸ்திர உண்மை அடங்கியிருப்பதை நாம் நெடுநாள் அறியவில்லை. பரோங்கமா சென் முதலிய கொல்கத்தாப் பௌதிக ஆராய்ச்சியாளர்கள் 2003-ஆம் ஆண்டில் நம் ரயில் பாதைகளை ஆராய்ந்தார்கள். இரு நிலையங்களிலும் நிற்கும் வண்டி ஒன்று இருந்தால் அவை நேரே இணைந்தவை என்று கொண்டு, ஏறத்தாழ 600 நிலையங்களைக் கணக்கிட்டனர். எந்த இரு நிலையங்களுக்கும் இடையே சராசரியாக ஏறக்குறைய இரண்டு வண்டிகளே தேவைப்பட்டன!

இதற்கு வழிகாட்டியது 1998-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி. வாட்ஸ், ஸ்ட்ரோகட்ஸ் என்னும் இருவர், ஒன்றோடொன்று சம்பந்தமற்ற மூன்றை எடுத்துக்கொண்டனர்: ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவின் நரம்புகள்; அமெரிக்க மேற்குப் பகுதியின் மின்சாரக் கம்பிகள்; சேர்ந்து நடித்த சினிமா நடிகர்கள். மூன்றிலும் ஒரே அமைப்பைக் கண்டனர்.

அது யாதெனில், ஒரு தெருவில் செய்தி வீடு வீடாகப் பரவினால் ஊரின் மறுகோடியை அடையப் பல நாளாகும். தெருவில் ஒருவருக்கு மறுகோடியில் சம்பந்தி இருந்துவிட்டாலோ, மாலைக்குள் போய்ச் சேரும். அத்தகைய நெடுந்தொடர்புகள் சில இருந்தாலே பெரிய உலகம் சிறிதாகிவிடும். பாசஞ்சர் வண்டிகளுக்கு நடுவே ஓடும் மெயில் வண்டியே ரயில்வேயின் சம்பந்தி!

நிற்க. இக்குறுக்கு வழியில் நோயும் விரைந்து பரவும் என்று அவ்விருவரும் அன்றே எழுதினர். 2020 மார்ச்சில் பயணி வண்டிகள் நிறுத்தப்பட்டதன் காரணமும் அதுவே. அந்நாளில் நம் குடியிருப்பில் ஒருவர், தந்தை காலமான செய்தி கேட்டு நள்ளிரவில் நம் கதவைத் தட்டினார். "ஏதாவது வழி உண்டா?" என்றார். கால அட்டவணை கையிலிருந்தும் நம்மிடம் விடை இல்லை. இரண்டு வண்டித் தூரம் எட்டாத தூரமாயிற்று. மகன் இங்கிருக்க, கொள்ளி வைத்தவர் தம்பி மகன்.

அன்று நமக்கு ஒன்று விளங்கிற்று. பிழைப்பைத் தேடி வந்த நாமும் அத்தகைய நெடுந்தொடர்புகளே. நம்மில் ஒரு குடும்பம் இங்கிருப்பதால் அன்றோ, ஊரில் ஒரு தெருவுக்கே கரக்பூர் அண்மையில் இருக்கிறது? "பெற்றோர் போய்விட்டனர், இனி ஊரில் யார் இருக்கிறார்கள்?" என்று பயணத்தை நிறுத்திவிடும் அன்பர்கள் சிந்திக்க வேண்டும். அறுவது ஒரு வீட்டின் உறவு மட்டுமன்று. இரண்டு ஊர்கள் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன.

வரும் விடுமுறைக்குக் குழந்தைகளுடன் ஊருக்குப் புறப்படுங்கள். எத்தனை வண்டி என்று கேளுங்கள்; விடை சொல்ல ஜன்னலில் நாம் இருக்கிறோம்.