திரும்பிய செக்கும் சுற்றும் சக்கரமும்

சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்காரருக்கும் ராஜபாளையம் நூல் வியாபாரிக்கும் நடுவே ஒரு காலத்தில் செக்தான் ஓடியது. செக் திரும்பினால் கூடவே வங்கி மெமோவும் வரும். அச்சடித்த காரணங்களில் ஒன்றுக்கு நேரே குமாஸ்தா டிக் போட்டிருப்பார்: பணம் போதாது, கையெழுத்து ஒத்துப்போகவில்லை, எழுத்தில் ஒரு தொகை எண்ணில் ஒரு தொகை. "கொடுத்தவரையே கேளுங்கள்" என்று நழுவும் வரியும் அதில் உண்டுதான். இருந்தாலும், யாரிடம் போய் நிற்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் கால் கிலோ பால்கோவாவுக்கும் ஃபோனைத்தான் நீட்டுகிறோம். பணம் வந்தால் கல்லாப் பக்கத்து ஸ்பீக்கர் பெட்டி கடைக்கே கேட்கக் கத்தும். வராவிட்டால் வாயே திறக்காது. நம் திரையில் சக்கரம் சுற்றிச் சுற்றி, கடைசியில் 'ஏதோ தவறு நடந்துவிட்டது, மீண்டும் முயலவும்' என்று வரும். கணக்கிலிருந்து பணம் போனதா? மறுபடி அழுத்தினால் இரண்டு தடவை போகுமா? கேட்க வேண்டிய இரண்டுக்கும் அதில் பதில் இல்லை.

யுபிஐ-யின் உள்ளே தோல்விகளுக்குக் குறியீடுகள் இருக்கின்றன. இசட்9 என்றால் இருப்பு போதாது. இசட்எம் என்றால் பின் தவறு. வங்கி சர்வர் பதிலே தராதபோதுதான் சிக்கல். அப்போது செயலிக்கே விவரம் தெரியாது. தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்வதில் என்ன கௌரவக் குறைச்சல்? "வங்கி இன்னும் பதில் தரவில்லை, இப்போது மறுபடி அனுப்ப வேண்டாம்" என்று எழுத ஒரு வரி போதும்.

யாருக்கு எதைச் சொல்ல வேண்டுமோ அதை மட்டும் சொல்வதை, ராஜபாளையம் பக்கத்து நூற்பு மில்களில் நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனர் மெஷின் சரியாகச் செய்கிறது. அறுந்த நூலை மெஷினே ஒட்டிப் பார்க்கும். திரும்பத் திரும்ப முடியாமல் போனால் அந்த டிரம்மை மட்டும் நிறுத்திச் சிவப்பு விளக்கு போடும். மெஷின் பார்க்கும் பெண்ணுக்கு அது போதும். கோளாறின் விவரமெல்லாம் ஃபிட்டர் பார்க்கும் திரைக்கு. செயலிகளோ ஃபிட்டருக்கான குறியீட்டை நம்மிடம் வீசுகின்றன, இல்லையென்றால் இருவருக்குமே ஒன்றும் சொல்வதில்லை.

செயலி ஒன்றும் சொல்லாவிட்டாலும் நமக்கு ஒரு பிடி உண்டு. கடையில் செலுத்தி, பணம் கழிந்தும் கடைக்கு உறுதிச் செய்தி வராவிட்டால், 5 நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட விதி இது. அடுத்த முறை சக்கரம் சுற்றி நின்றால், பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைக் குறித்துக்கொண்டு வங்கியில் கேளுங்கள்.